நேதாவின் கறுப்புக் கோழிகள்

எந்த முட்டையைக் கையில் எடுத்தாலும் நேதா கண்ணை மூடி, அதை ஒரு கணம் வலது இமைமேல் வைத்துப் பார்ப்பாள். கோழி இப்போதுதான் இட்ட முட்டையானாலும் சரி, கடையில் அட்டையோடு வாங்கியதானாலும் சரி, ஈஸ்டர் அன்று யாராவது கையில் திணித்த அவித்த முட்டையானாலும் சரி. வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள், இல்லை வாயில் போடுவாள். இஸ்வோர் கிராமத்தின் மேலத்தெருவில் எல்லோரும் இதை வருஷக்கணக்காகப் பார்த்து வந்தார்கள்.

"மத்தவங்க வாயால முத்தம் கொடுப்பாங்க. நம்ம நேதா கண்ணால கொடுக்கிறா," என்பாள் எதிர்வீட்டு ஸ்தமேனா.

நேதா பதில் சொல்ல மாட்டாள். அடைக்கோழியின் வயிற்றடியில் இருக்கும் முட்டையை எடுத்து இமைமேல் வைத்தால் அது சுடாது, குளிராது. இமைக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தால் ஏதோ தப்பு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சொல்ல நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க வேண்டும். நேதாவுக்கு அது கோழிக்கூட்டைக் கழுவுவதைவிடக் கஷ்டமான வேலை.

ரொட்டிக்கடையில் அவள் வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். மாதா கோயில் முற்றத்தில் வால்நட் மரத்தடிதான் அவள் இடம். பேச வேண்டியதை எல்லாம் அவள் கணவன் மின்கோ பேசிவிடுவான். கூட்டுறவுப் பண்ணையில் டிராக்டர் பழுது பார்ப்பவன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நேதா பேசுவது கோழிகளோடு.

அவை சாதாரணக் கோழிகள் இல்லை. கொண்டையைத் தவிர உடம்பெல்லாம் கறுப்பு. வெயில் பட்டால் இறக்கையில் பச்சை மினுங்கும், புறாக் கழுத்தில் மினுங்குவதுபோல. அந்தப் பக்கத்துப் பழைய இனம். மற்ற வீடுகளில் எல்லாம் சந்தையில் வாங்கிய பழுப்புக் கோழிகள் வந்து வெகுகாலமாகிவிட்டது. அவை நிறைய முட்டையிடும், இரண்டாம் வருஷம் சூப்பாகிவிடும். கறுப்புக் கோழிகளை விடாமல் வைத்திருந்தவள் நேதா ஒருத்திதான். ஊரில் யாரும் வழி சொல்லும்போது "நேதா வீட்டுக்குப் பக்கத்துல" என்று சொல்ல மாட்டார்கள். "கறுப்புக் கோழி வீட்டுக்குப் பக்கத்துல" என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கோழிகளிடம் ஒரு குறை. முட்டையிடும், அடைக்கு உட்காராது. உட்கார்ந்தாலும் இரண்டு நாளில் சலித்துப்போய் எழுந்து போய்விடும். அதனால்தான் மின்கோ ஒரு ஃப்ரிட்ஜை முட்டை பொரிக்கிற இன்குபேட்டராக மாற்றினான். செத்துப்போன பழைய ஃப்ரிட்ஜ். அடியில் இரண்டு பல்பு, பழுதாகிப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைக்கிற ஒரு தானியங்கி சுவிட்ச், ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், சூடு பார்க்க ஒரு வெப்பமானி. கதவில் துளை போட்டுக் கண்ணாடி வைத்தான். வெயில்காலத்தில் சமைக்க முற்றத்தில் கட்டிய கோடைச் சமையலறையில் அதை நிறுத்தினான்.

முதல் வருஷம் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லா முட்டையும் வெந்துவிட்டன. விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஸ்தமேனா வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு சின்னப் பீங்கான் குப்பியோடு.

"உப்பு கொண்டு வந்திருக்கேன். எத்தனை பேருக்கு சாப்பாடு?"

தெருவே சிரித்தது. மின்கோவும் சிரித்துவிட்டான். நேதா கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் ஃப்ரிட்ஜ் நாலைந்து குஞ்சு பொரித்துக் கொடுத்தது. அதை யாரும் நினைவில் வைக்கவில்லை. உப்புக் கதையை மட்டும் யாரும் மறக்கவில்லை.

இப்படிக் கேலி செய்கிற அதே தெரு ஈஸ்டருக்கு முன்னால் அவள் முட்டைக்குக் காத்திருக்கும். நோன்புக் காலம் முழுக்க யாரும் முட்டை சாப்பிட மாட்டார்கள். வீட்டுக்கு வீடு கூடை கூடையாகச் சேர்ந்து கிடக்கும். ஆனாலும் நேதா வீட்டு முட்டை வேண்டும். அதன் ஓடு கல் மாதிரி. ஈஸ்டர் அன்று கோயில் முற்றத்தில் அவித்துச் சாயம் போட்ட முட்டையை ஆளுக்கொன்று கையில் பிடித்து முனையோடு முனை மோதுவார்கள். யார் முட்டை கடைசிவரை உடையாமல் நிற்கிறதோ அவருக்கு வருஷம் முழுக்க ஆரோக்கியம். ஸ்தமேனா தொடர்ந்து பல வருஷமாக ஜெயித்து வந்தாள். எல்லாம் நேதாவின் முட்டையை வைத்துத்தான். நோன்பின் கடைசி வாரத்துப் புதன்கிழமை நேதா துணிப்பைகளில் முட்டை வைத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள். கதவைத் தட்ட மாட்டாள். வெளிக்கதவின் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டு நழுவி வந்துவிடுவாள்.

அந்த வருஷமும் புதன்கிழமை அப்படித்தான் மாட்டிவிட்டு வந்தாள். தன் வீட்டில் சாயம் போட நாலைந்து முட்டை மட்டும் மிச்சம்.

வியாழன் காலை தீவனத்தோடு போனவள் கூட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சத்தமே இல்லை. அடிப்பலகை ஒன்று இற்றுப்போய் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, கை நுழையும் அளவுக்கு. மரநாய். தின்பதற்காக மட்டும் கொன்றிருந்தால் ஒன்றிரண்டோடு போயிருக்கும். கூட்டுக்குள் படபடப்பு இருக்கிற வரைக்கும் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டைகள் எல்லாம் போயின. சேவல் வாசலை மறித்தபடி கிடந்தது.

மின்கோ மண்வெட்டியோடு வந்தான். வேலியோரம் குழி வெட்டினான். வெட்டி முடித்ததும், "சந்தையில வேற வாங்கிக்கலாம், நேதா," என்றான்.

"இது சந்தையில இல்ல."

"தெரியும்."

ஒரு சேவல்கூட மிச்சமில்லை. இனி இந்தக் கறுப்பு இந்தத் தெருவில் இல்லை. நேதா விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து கையில் இருந்த தீவனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. வியாழக்கிழமை. சூரியன் ஏறியதும் வீட்டுக்கு வீடு அடுப்பில் பானை ஏறும். சாயம் போடும் நாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முட்டைகள்! நேற்று மாட்டிவிட்டு வந்த முட்டைகள். சேவல் உயிரோடு இருந்தபோது இட்டவை. எல்லாம் இந்த வாரத்து முட்டைகள்.

"மின்கோ, ஃப்ரிட்ஜை போடு!"

"எதுக்கு?"

அதற்குள் அவள் தெருவில் இருந்தாள். தலையில் துண்டு இல்லை, காலில் கூட்டுக்குப் போகிற ரப்பர் பூட்ஸ்.

முதல் வீடு மிலேனாவுடையது. ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள், இளம்பெண். நேதா வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கதவைத் தட்டினாள். தட்டியது பலமாகிவிட்டது.

"யாரது, காலங்காத்தால கதவை உடைக்கிறது? அட, நேதா அக்கா! என்னாச்சு? மின்கோ மாமாவுக்கு ஏதும்..."

"முட்டை," என்றாள் நேதா. மூச்சு வாங்கியது. "நேத்து வச்ச முட்டை. திருப்பிக் கொடு."

மிலேனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அடுப்பில் பானை இருந்தது. நேதா அவளைத் தாண்டி உள்ளே போய்ப் பானைக்குள் கையை விட்டாள். தண்ணீர் குளிர் விட்டிருந்தது, அவ்வளவுதான். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து இமைமேல் வைத்தாள். வைக்கும்போதே அழுதுவிட்டாள். மிலேனா என்ன ஏது என்று கேட்காமல் மேஜைமேல் இருந்த மிச்சத்தையும் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வீடு ராச்சோ கிழவர். தனிக்கட்டை. அவர் சாயம் போடுவது சனிக்கிழமைதான். வியாழன் எல்லாம் பொம்பளைங்க வேலை என்பார். நேதா திக்கித் திக்கிச் சொல்லி முடித்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தச் சேவல் என்னைப் பார்த்தா கொத்த வரும். நல்ல சேவல். எடுத்துக்கோம்மா. எப்படியும் அந்த ஸ்தமேனாகிட்ட தோக்கத்தான் போறேன், கடை முட்டையை வச்சு தோத்துக்கிறேன்."

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சில வீட்டில் ஏற்கெனவே கொதித்துவிட்டது. ஒரு வீட்டில் பாதி வெந்து சிவந்திருந்தது, பாதி இன்னும் வேகவில்லை. ஒரு வீட்டில் இருந்த ஒன்றையும் குழந்தை கீழே போட்டு உடைத்திருந்தது. கடைசியில் எதிர்வீடு.

ஸ்தமேனா முழங்கை வரை சிவப்பாக நின்றாள். மேஜைமேல் எல்லாம் சிவந்து, எண்ணெய் தடவிப் பளபளத்தன.

"எல்லாம் வெந்தாச்சு, நேதா. நான் கோழி கூவும்போதே அடுப்பை மூட்டறவ," என்றாள். பிறகு, "கோழி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். விஷயம் அதற்குள் வேலிக்கு வேலி தாவி வந்திருந்தது.

நேதாவின் பார்வை சுவர் மூலையில் இருந்த மாதா படத்துக்குப் போனது. அதற்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் ஒற்றைச் சிவப்பு முட்டை, நேதா மாட்டிய பையிலிருந்து எடுத்தது. வருஷாவருஷம் முதலில் சாயம் போடுவது மாதாவுக்கு. அடுத்த ஈஸ்டர் வரை அங்கேதான் இருக்கும். அதை ஸ்தமேனா வீட்டில் அவிப்பதில்லை. வெதுவெதுப்பான சாயத்தில் பச்சையாகவே முக்கி எடுப்பார்கள். அவித்தால் நாறிவிடும், பச்சையாக வைத்தால் உள்ளே வற்றி வெறும் ஓடாகிவிடும்.

"அது..." என்றாள் நேதா.

"எது?" ஸ்தமேனா திரும்பிப் பார்த்தாள். முகம் மாறியது. "ஏண்டி, மாதாவுக்கு வச்சதைத் தூக்கி உன் ஃப்ரிட்ஜுல வைக்கணுமா? உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? போன வருஷத்து முட்டையை நேத்துதான் திராட்சைக்கொடி அடியில புதைச்சேன். இந்த வருஷம் என் வீடு வெறுமையா இருக்கணுமா?"

நேதா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

மின்கோ ஃப்ரிட்ஜைச் சூடேற்றி, கூட்டின் அடிப்பலகையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். கோழியே இல்லாத கூட்டுக்குத் தகரம். நேதா வீட்டில் மிச்சமிருந்ததையும் சேர்த்து முட்டைகளை மேஜைமேல் பரப்பி, ஒரு பக்கம் பென்சிலால் சிலுவை, மறுபக்கம் வட்டம் போட்டாள். திருப்பும்போது எது திருப்பியது எது திருப்பாதது என்று தெரிய வேண்டுமே. பானைத் தண்ணீரில் கிடந்தவற்றுக்குச் சிலுவையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள். அவற்றுக்கு அது தேவை என்று தோன்றியது.

ஈஸ்டர் அன்று கோயில் முற்றத்தில் "கிறிஸ்து உயிர்த்தார்", "மெய்யாகவே உயிர்த்தார்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டபின் முட்டை மோதல் தொடங்கியது. ஒரு பக்கம் பெரும்பாலும் கடை முட்டையும் பழுப்புக் கோழி முட்டையும், மறுபக்கம் ஸ்தமேனா. மிலேனாவுடையது ஒரு தட்டில் போனது. ராச்சோவுடையது தொடுவதற்கு முன்பே போய்விட்டது என்று அவரே சொன்னார். ஸ்தமேனா ஒவ்வொருவராக உடைத்துக்கொண்டு வந்தாள். கடைசி முட்டையும் நொறுங்கியபோது கை தட்ட ஆளில்லை. எல்லோரும் முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நேதா வால்நட் மரத்தடியிலிருந்து பார்த்தாள். ஜெயித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்தமேனா எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நின்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஸ்தமேனா முற்றத்துக்குள் வந்தாள். தலைத்துண்டின் முடிச்சில் எதையோ பொதிந்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் பேசாதே," என்றாள், பேசவே பேசாத நேதாவைப் பார்த்து. "நேத்து ஜெயிச்சது ஜெயிப்பா? பஞ்சு மூட்டையோட சண்டை போட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷமும் இப்படியே கடை முட்டையோட மோதணும்னா நான் கோயிலுக்கே வரலை. இந்தா."

முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பு முட்டை.

"மாதா?"

"அவங்களுக்குத் தெரியும். அவங்களும் ஒரு தாய்தானே. வேற ஒண்ணு சாயம் போட்டு வச்சிட்டேன், அவிச்சது. நாறினா நாறட்டும், நான் முகர்ந்துக்கிறேன்." ஃப்ரிட்ஜ் கதவில் அந்த முட்டையை மூன்று முறை உருட்டினாள், சாயம் போடும் வியாழக்கிழமை நோய் வராமல் குழந்தைகளின் கன்னத்தில் உருட்டுவதுபோல. "இதுக்கும் உடம்பு நல்லா இருக்கட்டும். வெந்துதுன்னா உப்போட வருவேன், சொல்லிட்டேன்."

நேதா முட்டையை வாங்கி இமைமேல் வைத்தாள். ஸ்தமேனாவின் நெஞ்சுச்சூடு இன்னும் அதில் இருந்தது.

மற்றவை வைத்து நாலு நாள் கழித்து வந்த முட்டை. அதைத் தனியாக ஒரு மூலையில் வைத்தாள். வாரம் ஆனதும் மின்கோ கதவைச் சாத்தி இருட்டாக்கி, டார்ச்சின் வாயில் அட்டையைச் சுருட்டி வைத்து ஒவ்வொரு முட்டையாக வெளிச்சம் பாய்ச்சினான். உயிருள்ளதில் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. சிலது வெறும் மஞ்சளாகத் தெரிந்தது, கூமுட்டை. பானையில் கிடந்தவற்றில் ஒன்று போயிருந்தது, மற்றவற்றில் நரம்பு இருந்தது. சிவப்பு முட்டையின்மேல் டார்ச்சை வைத்தால் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்," என்றான் மின்கோ. "தூக்கிப் போட்டுரலாமா?"

"இருக்கட்டும்."

குஞ்சு பொரிக்க இன்னும் எத்தனை நாள் என்று தெருவில் விசாரிக்கத் தொடங்கினார்கள். ரொட்டிக்கடை வரிசையில் நேதாவை முன்னால் விட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. ஒரு சேவல் வேண்டும், ஒன்றே ஒன்று, என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத் தெரு சத்தமாகச் சொன்னது. ராச்சோ இரண்டு சேவல் என்று பந்தயம் கட்டினார்.

பொரிக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, ஒரு மத்தியானம், மேற்கே வானம் கறுத்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது. இடிச் சத்தத்தில் முட்டைக்குள் குஞ்சு செத்துவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடைக்கோழிக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு போட்டு வைப்பார்கள். நேதா தோட்டத்தில் உலர்ந்த துணியை அள்ளிக்கொண்டிருந்தாள். கோடைச் சமையலறைக்குள் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. ஸ்தமேனா கையில் பெரிய குதிரை லாடம். கீழே தரையில் வெப்பமானி, சுக்குநூறாக.

"இரும்பு வச்சுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள் ஸ்தமேனா. "உனக்குச் சொன்னா கூச்சப்பட்டு வேண்டாம்பே. தட்டுல வைக்கும்போது லாடம் மாட்டி..."

நேதா வாயைத் திறப்பதற்குள் பளீரென்று மின்னியது, இடி விழுந்தது, பல்பு இரண்டும் அணைந்தன. விசிறி மெல்லச் சுழன்று நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

ஸ்தமேனா லாடத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாயடைத்து நின்று அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"அக்கா," என்றாள் நேதா. "உங்க வீட்டு விறகடுப்பு எரியுதா?"

"எரியுது."

"பெரிய பானையில தண்ணி வைங்க. மிலேனாகிட்டயும் சொல்லுங்க. ராக்கியா சாராயப் பாட்டில் காலியா இருக்கிற வீட்டிலெல்லாம் வாங்கிட்டு வாங்க. நின்னுட்டு இருக்காதீங்க!"

ஸ்தமேனா ஓடினாள். அறுபதைத் தாண்டியவள், மழையில், லாடத்தைக் கீழே போடாமல்.

கண்ணாடிப் பாட்டில்கள் வந்தன. வெந்நீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, முட்டைகளைச் சுற்றி நிறுத்தினார்கள். ராச்சோ தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில்களில் ஒன்று காலி இல்லை. அதை அவர் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எவ்வளவு சூடு என்று சொல்ல வெப்பமானி இல்லை. நேதா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கதவை விரலளவு திறந்து, ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்தாள்.

"குளிருது. மேல் தட்டுக்கு இன்னொண்ணு."

கொண்டுவந்தார்கள்.

"இது சுடுது, மிலேனா. எடு. இன்னொரு காலுறை மாட்டு."

மழை ஓய்ந்தும் கரண்ட் வரவில்லை. ஒருத்தி அடுப்பில் தண்ணீர் காய்ச்சினாள், ஒருத்தி பாட்டிலைச் சுமந்தாள், மின்கோ வேலையிலிருந்து திரும்பி வந்து தன் மேல்கோட்டைக் கழற்றி ஃப்ரிட்ஜைச் சுற்றிப் போர்த்தினான். நேதா சொல்லச் சொல்ல எல்லோரும் செய்தார்கள். ஒருமுறை மின்கோ ஏதோ கருத்துச் சொல்ல ஆரம்பித்தான்.

"சும்மா இரு, மின்கோ. என் காதுக்குள்ள சத்தம் போட்டா என் கண்ணுக்குத் தெரியாது."

ராச்சோ விழுந்து விழுந்து சிரித்தார். யாரும் அவள் கண்ணால் முத்தம் கொடுக்கிறாள் என்று சொல்லவில்லை. சாயங்காலம் பல்பு எரிந்தபோது அவள் வலது இமை சிவந்து வீங்கியிருந்தது. கடைசியாக ஒரு முட்டையை எடுத்து வைத்துப் பார்த்தாள். இமைக்கு ஒன்றும் தெரியவில்லை. சரியாக இருந்தது.

சில நாள் கழித்து, காலை ரொட்டிக்குப் பிறகு, ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். நேதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெரிய சிலுவை போட்ட ஒரு முட்டையில் நட்சத்திரம்போல ஒரு கீறல். உள்ளிருந்து ஒரு அலகு குத்தியது, ஓய்ந்தது, மறுபடி குத்தியது. மிலேனாவின் பானையில் குளித்த முட்டை. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. மத்தியானத்துக்குள் உள்ளே ஒரே கூச்சல். ஈரமாக, கோணலாக, தள்ளாடி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபடி, முதுகு கறுப்பும் வயிறு வெளுப்புமாகக் குஞ்சுகள். உலர்ந்ததும் ஒவ்வொன்றும் மசியில் பாதி தோய்த்த பஞ்சு உருண்டை ஆயிற்று.

மின்கோ தெருவில் நின்று கத்தினான். ஊருக்கே கேட்டிருக்கும்.

ஸ்தமேனா வந்தாள். கையில் அந்தப் பீங்கான் உப்புக்குப்பி. நேதாவின் முகம் ஒரு கணம் வாடியது. ஸ்தமேனா மறுகையை முன்னால் நீட்டினாள். துண்டில் சுற்றிய வட்ட ரொட்டி, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது.

"வீட்டுக்கு விருந்தாளி வந்தா ரொட்டியும் உப்பும் கொடுக்காம விடுவாங்களா?" என்றாள். ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு நேதாவின் வாயில் வைத்தாள். ஒரு துணுக்கைக் குஞ்சுகளுக்கும் போட்டாள். உப்பில்லாமல்.

சிவப்பு முட்டை மூலையில் சும்மா கிடந்தது. குஞ்சுகளை அடுப்பருகே பெட்டிக்கு மாற்றியபின் மின்கோ பல்பை அணைக்கப் போனான். நேதா அவன் கையைப் பிடித்தாள். ஒற்றை முட்டைக்காக ஃப்ரிட்ஜ் நாலு நாள் ஓடியது. நாலாம் நாள் அதைக் காதருகே வைத்தாள். கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல மிக மெல்லிய கீச்சு. நேதா எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, வாங்க."

இரண்டு பேரும் ஸ்டூலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். சிவப்பு ஓடு வெடித்தது. உள்ளே கறுப்பு. ஸ்தமேனா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு தடவை போதாமல் மூன்று தடவை போட்டாள்.

"இதுதான் சேவல். எழுதி வச்சுக்கோ. மாதா அனுப்பினது வேற என்னவா இருக்கும்?"

கோடையில் குஞ்சுகள் நெடுநெடுவென்று வளர்ந்தன. சிலவற்றின் கொண்டை சிவந்தது. ஒரு முற்பகல் முற்றத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம், துருப்பிடித்த கீல் முனகுவதுபோல. மின்கோ எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வெளிக்கதவுக்குப் போனான். கதவை ஆட்டிப் பார்த்தான், சத்தமில்லை. மறுபடி கிறீச். விறகுக் குவியல்மேல் ஒரு இளஞ்சேவல், பெரிய சிலுவை முட்டைக்காரன், கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக் கூவிப் பழகிக்கொண்டிருந்தது. நேதா கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டு உரக்கச் சிரித்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நேதா சிரித்து அவர்கள் கேட்டதில்லை. சேவல் ஒன்றில்லை, மூன்று. ராச்சோ பந்தயத்தில் தோற்றும் சந்தோஷமாக ஒரு பாட்டில் திறந்தார்.

சிவப்பு முட்டைக்காரி சேவல் இல்லை. நல்ல பெட்டை, கட்டுடலாக, யாருக்கும் வழி விடாத நடை.

"மாதாவுக்கு முன்னாடி உட்கார்ந்த முட்டை, பெட்டையாப் போச்சே," என்றாள் ஸ்தமேனா.

"முட்டை போடறது யாரு, அக்கா? சேவலா?" என்றாள் நேதா.

ஸ்தமேனா இடுப்பில் கை வைத்துத் திரும்பி, "இந்த நேதாவுக்குப் பேச யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று தெருவைக் கேட்டாள்.

குளிர் தொடங்கியபோது அந்தப் பெட்டை முட்டையிட ஆரம்பித்தது. அடுத்த ஈஸ்டருக்குப் பழையபடி எல்லா வீட்டுக்கும் முட்டை போனது. இந்த முறை நேதா பையை மாட்டிவிட்டு நழுவவில்லை. கதவைத் தட்டிக் கையில் கொடுத்தாள். ஒரே ஒரு முட்டையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

கோயில் முற்றத்தில் ஸ்தமேனா எல்லோரையும் உடைத்தாள். இந்தத் தடவை எளிதாக இல்லை. ஒவ்வொரு மோதலுக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்தது. "வேற யார் இருக்கீங்க?" என்று அவள் சுற்றிலும் பார்த்தபோது, வால்நட் மரத்தடியிலிருந்து நேதா நடந்து வந்தாள். சட்டைப்பையிலிருந்து முட்டையை எடுத்தாள். கண்ணை மூடி இமைமேல் வைத்தாள். கூட்டம் சத்தம் போடாமல் காத்திருந்தது.

ஒரு தட்டு. டக்கென்ற சத்தம். ஸ்தமேனாவின் முட்டை முனை குழிந்துபோயிருந்தது.

"சிவப்பு முட்டைக்காரியோடதா?" என்று கேட்டாள் ஸ்தமேனா.

"ஆமா."

"பார்த்தீங்களா! என் முட்டையோட பிள்ளை என்னையே உடைச்சிருச்சு!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். தோற்றவள் குரல்போல இல்லை. மின்கோ நேதாவைத் தூக்கிச் சுற்றினான். ஸ்தமேனா உடைந்த முட்டையை உரித்து, பையிலிருந்து உப்பை எடுத்துத் தூவி, பாதியைப் பிய்த்து நேதாவிடம் நீட்டினாள்.

இஸ்வோரின் மேலத்தெருவில் இன்று ஏழு வீட்டில் கறுப்புக் கோழிகள் இருக்கின்றன, வீட்டுக்கொரு சேவலோடு. ஸ்தமேனா வீட்டு மாதா படத்துக்கு முன்னால் வருஷாவருஷம் அவிக்காத ஒரு சிவப்பு முட்டை இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கோடைச் சமையலறையிலேயே நிற்கிறது. உள்ளே புது வெப்பமானி, வெளியே, ஃப்ரிட்ஜின் தலைமேல், குதிரை லாடம். ரொட்டிக்கடை வரிசையில் நேதா தன் முறைக்கு நிற்கிறாள், யாரும் முன்னால் போவதில்லை.